நாற்காலியிலிருந்து எழுவதே முதல் பயிற்சி: உடல் எடை மிக அதிகமானவர்கள் எங்கிருந்து தொடங்குவது?

விடியற்காலை நான்கு மணிக்கே தம்போய் சாலைகளில் மோட்டார் சத்தம் கேட்கத் தொடங்கிவிடும். சிங்கப்பூருக்கு வேலைக்குச் செல்பவர்கள், கடற்பாலத்தில் நெரிசல் கூடுவதற்குள் தாண்டிவிட வேண்டும் என்று புறப்படுகிறார்கள். பசியாறல் என்பது வழியில் ஒரு நாசி லெமாக் பொட்டலமும் ஒரு தே தாரிக்கும்தான். வேலை முடிந்து இரவு எட்டு, ஒன்பது மணிக்கு வீடு திரும்பிய பிறகுதான் உண்மையான சாப்பாடு. பிறகு ஐந்து மணி நேரத் தூக்கம். மறுபடியும் அலாரம்.

இந்த ஓட்டத்தில் ஆண்டுக்கு இரண்டு கிலோ கூடினால் யாருக்கும் தெரியாது. இருபது வயதில் 75 கிலோவாக இருந்தவர், நாற்பத்தைந்து வயதில் 125 கிலோவாக நிற்பார். கோயில் படி ஏறினால் மூச்சு வாங்கும். காலணி நாடாவைக் கட்டக் குனிய முடியாது. கிளினிக்குக் காய்ச்சலுக்குப் போனாலும் முழங்கால் வலிக்குப் போனாலும் "எடையைக் குறைங்க" என்ற ஒரு வரி மட்டும் தவறாமல் கிடைக்கும். எப்படிக் குறைப்பது என்பதற்கு அந்த ஐந்து நிமிடச் சந்திப்பில் பெரும்பாலும் நேரம் இருப்பதில்லை.

நாட்டில் இது ஓரிருவரின் சிக்கல் அல்ல. சுகாதார அமைச்சின் 2023ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியப் பெரியவர்களில் 54.4 விழுக்காட்டினர் அதிக எடை அல்லது உடல் பருமன் கொண்டவர்கள். 2019ஆம் ஆண்டு ஆய்வில் அது 50.1 விழுக்காடு. அந்த 2019 ஆய்வில் இனவாரியாகப் பார்த்தபோது இந்தியர்களே முன்னணியில் இருந்தார்கள்: நூற்றுக்கு அறுபதுக்கும் மேற்பட்டோர். இனிப்புநீர் வியாதியிலும் அதே நிலைதான், ஏறத்தாழ மூன்று இந்தியர்களில் ஒருவர். நாட்டில் புதிதாக டயாலிசிஸ் சிகிச்சைக்கு வருவோரில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு இனிப்புநீரே காரணம் என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஏன் நம்மவர்கள்? சோம்பல் என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால் அது நியாயமல்ல. தாத்தா பாட்டி காலத்தில் தோட்டத்தில் இருட்டோடு எழுந்து, மரம் மரமாக நடந்து பால் சீவி, வாளியைத் தூக்கிக்கொண்டு ஸ்டோருக்கு நடந்தவர்கள் தட்டு நிறையச் சோறு சாப்பிட்டார்கள். அந்த வேலைக்கு அந்தச் சோறு தேவைப்பட்டது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, குடும்பங்கள் பட்டணத்துத் தாமான்களுக்கு வந்தபின் வேலை மாறியது. லோரி ஓட்டுவது, பாதுகாவலராக நிற்பது, தொழிற்சாலையில் ஒரே இயந்திரத்தின் முன் பன்னிரண்டு மணி நேரம் இருப்பது என்றானது. வேலை மாறியது, தட்டின் அளவு மாறவில்லை. அதோடு இனிப்புப் பானங்களும் சேர்ந்துகொண்டன.

உடல்வாகும் ஒரு காரணம். புனேயைச் சேர்ந்த மருத்துவர் யாஜ்னிக், லண்டனைச் சேர்ந்த மருத்துவர் யுட்கின் இருவரும் 2004ஆம் ஆண்டு 'லான்செட்' மருத்துவ இதழில் தங்கள் இருவரின் படத்தையே வெளியிட்டார்கள். இருவருக்கும் உடல் எடைக் குறியீடான பிஎம்ஐ ஒன்றுதான், 22.3. பார்வைக்கு இருவரும் ஒல்லி. ஆனால் யுட்கினின் உடலில் கொழுப்பு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்கின் உடலில் 21.2 விழுக்காடு. ஒரே எடையில் இந்திய உடலில் கொழுப்பு அதிகமாகவும் தசை குறைவாகவும் இருக்கும் போக்கு உண்டு என்பதை இதைவிட எளிதாக யாரும் விளக்கியதில்லை.

அதனால்தான் மலேசியாவில் மருத்துவர்கள் பயன்படுத்தும் அளவுகோல் ஐரோப்பியர்களுக்கானதைவிடக் கண்டிப்பானது. கிலோவில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் பிஎம்ஐ கிடைக்கும். 23ஐத் தாண்டினால் அதிக எடை, 27.5ஐத் தாண்டினால் உடல் பருமன். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்கும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்கும் உள்ளே இருக்க வேண்டும். 170 சென்டிமீட்டர் உயரமும் 125 கிலோ எடையும் உள்ளவரின் பிஎம்ஐ 43. இந்தக் கட்டுரை அவரைப் போன்றவர்களை நினைத்தே எழுதப்படுகிறது. பண்டிகைக்கு முன் நான்கு கிலோ குறைக்க விரும்புபவர்களுக்காக அல்ல.

எடை குறைந்தால் மட்டும் போதுமா?

பட்டினி கிடந்தாலும் எடை குறையும். ஆனால் பயிற்சி இல்லாமல், புரதம் இல்லாமல் எடை குறையும்போது, போகும் ஒவ்வொரு நான்கு கிலோவிலும் ஏறத்தாழ ஒரு கிலோ கொழுப்பல்லாத பகுதியாக இருக்கும். அதில் தசையும் அடங்கும். ஏற்கெனவே தசை குறைவான உடலுக்கு இது பெரிய நட்டம். இரத்தத்தில் உள்ள சர்க்கரையை வாங்கிச் சேமித்து வைக்கும் மிகப் பெரிய கிடங்கு தசைதான். கிடங்கு சிறுத்தால் சர்க்கரை இரத்தத்திலேயே நிற்கும். பிறகு பழைய சாப்பாட்டுக்குத் திரும்பும்போது எடை ஏறிவிடும். போன தசை தானாக வராது. மூன்று நான்கு முறை 'டயட்' இருந்து ஒவ்வொரு முறையும் முன்னைவிடத் தளர்ந்து போனவர்கள் எல்லாத் தாமானிலும் இருக்கிறார்கள்.

நல்ல செய்தி ஒன்றும் உண்டு. இதுவரை பயிற்சியே செய்யாத, எடை அதிகமுள்ள ஒருவருக்குக் கொழுப்பு குறைவதும் தசை கூடுவதும் ஒரே நேரத்தில் நடக்கலாம். பல ஆண்டுகள் ஜிம்முக்குப் போனவருக்குக்கூட எளிதில் கிடைக்காத வாய்ப்பு இது.

எடை இறங்காவிட்டாலும் பலன் உண்டு என்பதற்குச் சென்னையிலேயே சான்று இருக்கிறது. மருத்துவர் அ. இராமச்சந்திரன் தலைமையில் நடந்த இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வின் முடிவு 2006ஆம் ஆண்டு வெளியானது. இனிப்புநீர் வரும் தறுவாயில் இருந்த 531 பேரை மூன்று ஆண்டுகள் கவனித்தார்கள். ஒப்பீட்டுக்காக வைக்கப்பட்ட பிரிவில் 55 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் வந்தது. நடையும் உணவுக் கட்டுப்பாடும் சொல்லிக் கொடுக்கப்பட்ட பிரிவில் அது 39.3 விழுக்காடு. அந்தப் பிரிவினரின் எடை பெரிதாகக் குறையவே இல்லை என்பதுதான் வியப்பு. நிறுவை முள் அசையவில்லை என்று மூன்றாம் வாரத்திலேயே கைவிடுபவர்கள் இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

முதலில் கிளினிக்

பிஎம்ஐ நாற்பதைத் தொட்டவர் பயிற்சிக்கு முன் ஒரு முறை மருத்துவரைப் பார்ப்பது அவசியம். அரசாங்க சுகாதார கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் 1 ரிங்கிட்தான். இரத்தக் கொதிப்பு, மூன்று மாதச் சராசரி சர்க்கரை, கொலஸ்ட்ரால், சிறுநீரகம், தைராய்டு ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லிக் கேட்கலாம். இரவில் பலத்த குறட்டையும் பகலில் அடக்க முடியாத தூக்கமும் இருந்தால் அதையும் சொல்ல வேண்டும். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் கோளாறாக இருக்கலாம். மோட்டாரில் நெடுஞ்சாலையில் போகிறவருக்கு அது உயிர்ப் பிரச்சினை.

இன்சுலின் ஊசி போடுபவர்களும் கிளிக்லஸைட் போன்ற மாத்திரை சாப்பிடுபவர்களும் மருத்துவரிடம் சொல்லாமல் திடீரெனச் சோற்றைக் குறைக்கக் கூடாது. மருந்தின் அளவு பழையபடியே இருக்க, சாப்பாடு பாதியானால் சர்க்கரை அபாயகரமாக இறங்கிவிடும். கை நடுக்கம், வியர்வை, தலைசுற்றல் அதன் அறிகுறிகள். பயிற்சியின்போது நெஞ்சில் இறுக்கமோ, கைக்கோ தாடைக்கோ பரவும் வலியோ வந்தால் உடனே நிறுத்திவிட்டு 999ஐ அழைக்க வேண்டும்.

தம்போய் என்றதும் ஜொகூர்க்காரர்கள் பலருக்கு நினைவுக்கு வருவது பெர்மாய் மனநல மருத்துவமனைதான். கேலிக்கு இழுக்கப்படும் அந்தப் பெயரில் இந்த விஷயத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. மனநோய்க்குத் தரப்படும் ஓலன்ஸபைன், குளோஸபைன் போன்ற சில மருந்துகள் பசியைக் கூட்டி எடையை ஏற்றும். அப்படி எடை கூடியவரைத் தின்று கொழுத்தவர் என்று வீட்டார் பேசுவது கொடுமை. அவரும் மருந்தைத் தானாக நிறுத்திவிடக் கூடாது; மாற்று மருந்து உண்டா என்று மருத்துவரிடம் கேட்க வழி இருக்கிறது.

நாற்காலி, சுவர், அரிசிப் பை

ஜிம்முக்குப் போகக் கூச்சமாக இருக்கிறதா? முதல் மூன்று மாதங்களுக்கு ஜிம் தேவையே இல்லை. தேவைப்படுவது உறுதியான ஒரு மர நாற்காலி. வாசலில் போடும் பிளாஸ்டிக் நாற்காலி வேண்டவே வேண்டாம். 120 கிலோவுக்கு அதன் கால் விரிந்துவிடும்.

நாற்காலியின் முதுகைச் சுவரோடு ஒட்டிப் போட வேண்டும். முன்விளிம்பில் உட்கார்ந்து, பாதங்களைத் தோள் அகலத்துக்கு வைத்து, உடலை முன்னே சாய்த்து எழுந்து நிற்க வேண்டும். பிறகு 'தொப்'பென்று விழாமல், மூன்று எண்ணும் வரை மெதுவாக உட்கார வேண்டும். இறங்கும் அந்த மூன்று நொடியில்தான் தொடைத் தசைக்குப் பாதி வேலை. எழ முடியாவிட்டால் இருக்கையில் ஒரு தலையணை போட்டு உயர்த்தலாம். கையை ஊன்றியும் எழலாம், வெட்கம் இல்லை. ஐந்து முறை செய்து, இரண்டு நிமிடம் ஓய்வெடுத்து, மறுபடி ஐந்து. அப்படி மூன்று சுற்று. எழும்போது மூச்சை அடக்காமல் வெளியே விட வேண்டும். அடக்கினால் இரத்தக் கொதிப்பு சட்டென ஏறும்.

அடுத்து சுவர். ஒரு கை நீளம் தள்ளி நின்று, உள்ளங்கைகளை நெஞ்சு உயரத்தில் சுவரில் ஊன்றி, முழங்கையை மடக்கிச் சுவரை நோக்கிச் சாய்ந்து திரும்புவது. தரையில் 'புஷ் அப்' எடுக்க முடியாதவருக்கு இதுவே நெஞ்சுக்கும் தோளுக்கும் போதுமான வேலை. சுவர் எளிதானால் சமையல் மேடை, அதற்கும் பிறகு படிக்கட்டு என்று கைகளின் உயரத்தைக் குறைத்துக்கொண்டே போகலாம்.

முதுகுக்குப் பிள்ளைகளின் பழைய பள்ளிப் பை உதவும். உள்ளே இரண்டு கிலோ அரிசியை வைத்து, ஒரு கையை மேசையில் ஊன்றிக் குனிந்து, மறு கையால் பையை இடுப்பு வரை இழுத்து இறக்க வேண்டும். இரு பக்கமும் எட்டெட்டு முறை. கடைசியாக, கைக்கு ஒரு மளிகைப் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள்ளேயே ஒரு நிமிடம் நடப்பது. பிடி, தோள், முதுகு, இடுப்பு எல்லாம் சேர்ந்து உழைக்கும்.

இவ்வளவும் இருபது நிமிடத்தில் முடிந்துவிடும். வாரத்தில் இரண்டு அல்லது மூன்று நாள் போதும். இடையில் ஒரு நாள் ஓய்வு இருக்க வேண்டும், ஏனென்றால் தசை வளர்வது ஓய்வில்தான். வாரா வாரம் ஏதாவது ஒன்று சற்றுக் கடினமாக வேண்டும். ஐந்து முறை ஆறாகலாம், தலையணையை எடுத்துவிடலாம், இரண்டு கிலோ மூன்றாகலாம். கடைசி இரண்டு முறை திணறிச் செய்யும் அளவுக்கு இருந்தால்தான் தசைக்குச் சேதி போகும். மறுநாள் தசையில் இருக்கும் மந்தமான வலி இயல்பு. மூட்டுக்குள் குத்தும் வலி இயல்பல்ல. அந்த அசைவை நிறுத்தி, வேறு கோணத்தில் முயல வேண்டும்.

வயதாகிவிட்டது என்பவர்களுக்கு அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் நடந்த ஓர் ஆய்வைச் சொல்லலாம். 1990ஆம் ஆண்டு வெளியான அதில், முதியோர் இல்லத்தில் இருந்த 86 முதல் 96 வயது வரையிலான பத்துப் பேருக்கு எட்டு வாரம் கால்களுக்கு எடைப் பயிற்சி கொடுத்தார்கள். கால் வலிமை சராசரியாக 174 விழுக்காடு கூடியது. அவர்களோடு ஒப்பிட்டால் நாற்பத்தைந்து வயது என்பது பிள்ளைப் பருவம்.

நடை விஷயத்தில் பத்தாயிரம் அடி என்ற இலக்கைக் கண்டு மிரள வேண்டாம். சாப்பிட்ட பிறகு ஐந்து நிமிடம், ஒரு நாளைக்கு இரண்டு முறை என்று தொடங்கி, வாரத்துக்கு இரண்டு மூன்று நிமிடம் கூட்டினால் போதும். வெயிலும் மழையும் நம் ஊரில் எப்போதும் ஒரு சாக்கு. தம்போய்க்காரர்களுக்கு அங்சானா பேரங்காடி இருக்கிறது. குளிர்சாதனத்தில், சமதரையில், கால் வலித்தால் உட்கார இடமும் உண்டு. உணவு அங்காடிப் பக்கம் மட்டும் போகாமல் சுற்றினால் சரி. பட்டணத்துப் பூங்கா வேண்டுமானால் ஜொகூர் பாருவின் ஹூத்தான் பண்டார் இருக்கிறது.

யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஒன்று: எடை அதிகமானவர்கள் நடையைக் கைவிட மூச்சிரைப்பைவிடத் தொடை உரசிப் புண்ணாவதே பல நேரங்களில் காரணம். உள்ளே முழங்கால் வரை இறுக்கமான காற்சட்டை அணிவதும், நடப்பதற்கு முன் வாஸ்லின் தடவுவதும் அதைத் தடுக்கும். இனிப்புநீர் உள்ளவர்கள் சிலிப்பரில் நடக்காமல் மூடிய காலணி அணிந்து, திரும்பியதும் பாதத்தின் அடியைக் கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும். உணர்ச்சி குறைந்த காலில் கொப்புளம் வந்தால் வலிக்காது. கால் இழப்பில் போய் முடிந்த கதைகள் பல அங்கேதான் தொடங்கின.

முழங்கால் தேய்ந்தவர்களுக்கு ஆறுதலான கணக்கு ஒன்று: ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முழங்காலில் விழும் சுமை ஏறத்தாழ நான்கு கிலோ குறைகிறது.

தட்டில் என்ன மாற்றுவது?

சோற்றை ஒழித்துக்கட்டு, தோசையை மறந்துவிடு என்று தொடங்கும் திட்டம் இரண்டு வாரம் தாங்காது. சுகாதார அமைச்சு 'சுக்கு சுக்கு செப்பாரோ' என்று சொல்வது நம் தட்டுக்கும் பொருந்தும். கால் பாகம் சோறு, கால் பாகம் மீன் அல்லது கோழி, மீதிப் பாதி காய்கறியும் பழமும். நம் வீட்டுத் தட்டு பெரும்பாலும் தலைகீழ்: முக்கால் சோறு, ஓரத்தில் ஒரு கரண்டிக் கூட்டு, குழம்பில் ஒரு துண்டு மீன்.

தசை வளரப் புரதம் வேண்டும். 125 கிலோ உள்ளவர் 125 கிலோவுக்குக் கணக்குப் போட வேண்டியதில்லை. சென்றடைய விரும்பும் எடைக்குப் போட்டால் போதும். 80 கிலோ என்றால், கிலோவுக்கு 1.2 கிராம் வீதம், நாளுக்கு 90 முதல் 100 கிராம் புரதம். ஒரு முட்டையில் 6 கிராம் இருக்கிறது. சமைத்த கோழி நெஞ்சுக்கறி 100 கிராமில் ஏறத்தாழ 30, அதே அளவு கெம்போங் மீனிலோ தெம்பேயிலோ 20ஐ ஒட்டி, கெட்டிப் பருப்பு ஒரு கிண்ணத்தில் 8 அல்லது 9. சைவர்களுக்குத் தெம்பேயும் தவ்வும் இந்த மண்ணில் மலிவாகக் கிடைக்கும் வரம். சாம்பாரில் மிதக்கும் பருப்பை மட்டும் நம்பினால் கணக்கு எட்டாது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் புரதத்தைக் கூட்டும் முன் மருத்துவரைக் கேட்க வேண்டும்.

அடுத்தது பானம். மிகக் குறைந்த வேதனையில் மிக அதிகப் பலன் தரும் இடம் இதுதான். கலக்குபவரின் கையைப் பொறுத்து ஒரு கிளாஸ் தே தாரிக்கில் 100 முதல் 180 கலோரி வரை இருக்கும். நாளுக்கு மூன்று என்றால் ஒரு ரொட்டி சானாய்க்கும் மேல். 'தே ஓ கொசோங்' என்று கேட்டால் அது கிட்டத்தட்டச் சுழியம். ஒரேயடியாக முடியாதவர்கள் 'கூராங் மானிஸ்' என்று தொடங்கி இரண்டு மாதத்தில் இறங்கலாம், நாக்கு பழகிவிடும். அரசாங்கம் 2019 ஜூலையிலிருந்து சீனி அதிகமுள்ள, புட்டியிலும் டின்னிலும் அடைத்த பானங்களுக்கு வரி விதித்து, பிறகு உயர்த்தியும் வருகிறது. மாமாக் கடையில் ஆற்றித் தரும் தேநீருக்கு அந்த வரி கிடையாது. அங்கே கட்டுப்பாடு நம் வாயில்தான்.

இரவு ஒன்பது மணிச் சாப்பாட்டைத் தவிர்க்க முடியாதவர்கள், மாலை வேலையிடத்திலேயே இரண்டு அவித்த முட்டையும் ஒரு பழமும் சாப்பிட்டுவிட்டால், வீட்டுக்கு வந்து பாயும் பசி பாதியாகும். ஐந்து மணி நேரத் தூக்கமும் பசியைத் தூண்டும் என்பதால், கைப்பேசியை அரை மணி நேரம் முன்னதாக வைப்பதும் எடைக் குறைப்பில் சேர்த்திதான்.

குறுக்கு வழி விற்பவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. இணையத்தில் விற்கப்படும் 'ஸ்லிம்மிங்' காப்பித்தூள்களில் சிபுட்ராமின் என்ற மருந்து கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. மாரடைப்பு, பக்கவாத ஆபத்தினால் 2010ஆம் ஆண்டு ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் விற்பனையிலிருந்து அகற்றப்பட்ட மருந்து அது. ஒரு வாரத்தில் ஐந்து கிலோ குறைந்தது என்று சொல்லும் தூளில் என்ன இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள், பதில் வராது. செமாகுளுடைட் போன்ற ஊசிகள் வேறு வகை. அவை மருத்துவர் சீட்டில் கிடைக்கும் உண்மையான மருந்துகள். ஆனால் அவற்றாலும் கொழுப்போடு தசை போகும் என்பதால் நாற்காலிப் பயிற்சிக்கு விடுமுறை இல்லை.

எவ்வளவு குறைய வேண்டும்? முதல் இலக்கு 5 விழுக்காடு. 125 கிலோவில் அது ஆறு கிலோ சொச்சம். வாரத்துக்கு அரை கிலோ என்றால் மூன்று மாதம். அந்த ஆறு கிலோவிலேயே சர்க்கரையும் இரத்தக் கொதிப்பும் இறங்கத் தொடங்கும். வீட்டு நிறுவைகள் பல 150 கிலோ வரைதான் காட்டும். அதைத் தாண்டியவர்கள் தொப்புள் உயரத்தில் தையல் நாடாவால் இடுப்பை அளந்து வரலாம். எடை நின்றுபோன மாதங்களிலும் நாடா இறங்கும்.

வீட்டில் பரிமாறுபவருக்கும் இதில் பங்கு உண்டு. "இன்னும் கொஞ்சம் போட்டுக்கோ" என்பது நம் வீடுகளில் அன்பின் மொழி. அந்தக் கரண்டியில் சோற்றுக்குப் பதில் கீரையோ மீனோ வந்தால் அன்பு குறைந்துவிடாது. கலியாண வீட்டில் "குண்டா, எப்படி இருக்க?" என்று தோளில் தட்டும் உறவினர்களுக்கும் சொல்லி வைக்கலாம்: கேலியால் இளைத்தவர் யாரும் இல்லை. கேலிக்கு ஆளானவர் நடைக்குப் போவதைத்தான் நிறுத்துகிறார், குறிப்பாகப் பெண்கள்.

தொடங்கும் நாளில் ஒரு சின்னச் சோதனை. கைப்பேசியில் முப்பது நொடி வைத்துக்கொண்டு, கையை ஊன்றாமல் எத்தனை முறை நாற்காலியிலிருந்து எழ முடிகிறது என்று எண்ண வேண்டும். நான்கோ, இரண்டோ, ஒன்றும் முடியவில்லையோ, அந்த எண்ணைச் சுவரில் தொங்கும் தமிழ் நாட்காட்டியில், இராகு காலத்துக்குப் பக்கத்தில் உள்ள கட்டத்தில் எழுதி வைக்கலாம். கீழே இடுப்பளவு. நான்கு வாரம் கழித்து அதே கிழமையில் மறுபடி எண்ணி எழுத வேண்டும். அடுத்த கிளினிக் தேதிக்கு மருந்து அட்டையோடு அந்தத் தாள்களையும் எடுத்துச் சென்றால், மாத்திரையின் அளவைப் பற்றி மருத்துவரிடம் பேச ஓர் ஆதாரம் கையில் இருக்கும்.